சுப்புராயன் காட்டிய குழந்தை

மயிலாப்பூரில் எங்கள் குடியிருப்பின் முதல் மாடியில் இருந்த சுப்புராயன், தன் மகளின் கர்ப்பத்தை ஒரு கோப்பில் வைத்திருந்தார். பச்சை அட்டை போட்ட கோப்பு. மேலே கொட்டை எழுத்தில் ‘ஹம்சா – பிரசவம் – 1996-97’ என்று எழுதியிருக்கும். நியூ ஜெர்சியிலிருந்து மகள் எழுதும் கடிதம் எதுவானாலும் முதலில் அவர்தான் பிரிப்பார். படித்து முடித்து, ஓரத்தில் சுருக்கொப்பம் போட்டு, தேதி எழுதி, துளையிட்டுக் கோப்பில் சேர்ப்பார். அதற்குப் பிறகு சமையலறை வாசலில் நின்றுகொண்டு, மனைவி ஜானகிக்குத் ‘தேவையான பகுதி’யை வாசித்துக் காட்டுவார். எது தேவையான பகுதி என்பதை முடிவு செய்வது அவர் பொறுப்பு. ஒரு காப்பீட்டு அலுவலகத்தின் தணிக்கைப் பிரிவில் முப்பத்து நான்கு வருஷம் இப்படித்தான் வேலை பார்த்தார். ஓய்வு கொடுத்து அனுப்பியவர்கள் அந்தப் பழக்கத்தையும் அவரோடு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

ஜானகிக்குப் படிக்கத் தெரியாது என்பதில்லை. அந்தக் காலத்து எஸ்.எஸ்.எல்.சி. கடிதத்தைக் கையில் வாங்கிப் பார்க்க வேண்டும் என்பது மட்டும் அவருக்குத் தோன்றாமலே முப்பது வருஷம் போய்விட்டது.

தொலைபேசியும் அப்படித்தான். வெளிநாட்டுக்குப் பேசும் வசதியை ஒரு ரகசிய எண் போட்டுப் பூட்டி வைத்திருந்தார் சுப்புராயன். அந்த எண் அவருக்கு மட்டுமே தெரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் ஹம்சா கூப்பிடுவாள். எடுப்பவர் அவர். குங்குமப்பூ, இரும்புச் சத்து மாத்திரை, இடது பக்கம் படுப்பது, பப்பாளிப் பழத்தின் அபாயம் ஆகியவற்றைப் பற்றி நிறுத்தாமல் பேசிவிட்டு, கடைசியில் ரிசீவரை ஜானகியிடம் தருவார். “சாப்டியாடி?” என்று ஜானகி கேட்பதற்குள், “போதும், அவாளுக்குக் காசு ஓடறது” என்று கை நீண்டுவிடும்.

கர்ப்பகாலப் பராமரிப்பில் இவ்வளவு தேர்ச்சி உடையவர், ஹம்சா பிறந்தபோது மதுரையில் தணிக்கை முகாமில் இருந்தார். தந்தி போயிற்று. குழந்தையை அவர் முதலில் பார்த்தது பத்தொன்பதாம் நாள். இதை அவரே பெருமையாகச் சொல்வார்: “நான் லீவு போட்டதே கிடையாது, ஸார்.”

அவருக்கு ஆலோசனை சொல்ல ஒரு குழுவும் இருந்தது. நாகேஸ்வரராவ் பூங்காவில் காலை நடைக்கு வரும் நாலைந்து பெரியவர்கள். ஒவ்வொருவருக்கும் அமெரிக்காவில் ஒரு பெண்ணோ மருமகளோ உண்டு. தினமும் இரண்டு சுற்று நடந்துவிட்டுச் சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்து மகப்பேறு மருத்துவம் பேசுவார்கள். அவர்களில் ஒருவர்கூடப் பிரசவ அறையின் வாசலைத் தாண்டியவரில்லை என்பது அந்த விவாதங்களின் தரத்தை ஒருநாளும் பாதித்ததில்லை.

“நாப்பது வாரம்கறா அந்த டாக்டர்” என்பார் சுப்புராயன். “அதென்ன ஓய் வாரக் கணக்கு? வாரக்கூலியா குடுக்கறா? நம்மூர்ல பத்து மாசம். தை பொறந்தப்புறம்தான் பிரசவம்னு பஞ்சாங்கத்தைப் பார்த்து நான் எப்பவோ எழுதி வச்சுட்டேன்.”

“ஸ்கேனுக்கு மேல ஸ்கேன் எடுப்பான். எல்லாம் இன்ஷ்யூரன்ஸுக்காக.”

“என்கிட்டயே இன்ஷ்யூரன்ஸைப் பத்திச் சொல்றேளா?”

பஞ்சாங்கத்தின்படி ஜனவரி இருபதாம் தேதிக்கு இரண்டு டிக்கெட் வாங்கியாயிற்று. விசா ஆகிவிட்டது. இரண்டு பாஸ்போர்ட்டும் பச்சைக் கோப்பின் உறையில் இருந்தன. ஜானகிக்கு அந்தத் தேதி பிடிக்கவில்லை. போன வருஷம் ஹம்சாவுக்கு மூன்றாம் மாதத்தில் ஒன்று தங்காமல் போயிற்று. அன்றைக்கு அவள் பக்கத்தில் யாரும் இல்லை. கணவன் அச்யுத்தும் ஏதோ வேலையாக வேறு ஊரில். இந்தத் தடவை குழந்தை வரும்போது தான் அங்கே இருக்க வேண்டும் என்பதைத் தவிர ஜானகிக்கு வேறு ஆசை கிடையாது. அதை இரண்டு முறை வாய்விட்டும் சொல்லிப் பார்த்தார்.

“ஏன்னா, டிசம்பர்லயே போய்ட்டா என்ன?”

“டிசம்பர்லயா? சீசன்ல? சபா கேன்டீன்ல டோக்கன் குடுக்கறதை யார் பார்த்துப்பா, நீயா? அதுவும் மார்கழியில யாராவது புறப்படுவாளா?”

“நான் மட்டும் போறேனே.”

“போவே. ஃப்ராங்க்ஃபர்ட்ல விமானம் மாத்தணும். எஸ்கலேட்டரைப் பார்த்துட்டு தி.நகர் கடையிலேர்ந்து திரும்பி வந்தவ நீ.”

இந்த நிலையில், டிசம்பர் முதல் வாரம், சங்கீத சீசனுக்காக வந்த ஹம்சாவின் சிநேகிதி ஒருத்தி ஒரு வீடியோ கேசட்டைக் கொண்டுவந்து கொடுத்தாள். அமெரிக்காவில் ஸ்கேன் எடுக்கப் போகும்போது ஒரு காலி கேசட்டையும் எடுத்துப் போனால், வயிற்றில் இருக்கும் குழந்தையை அதில் பதிந்து தருவார்களாம். கூடவே ஒரு சீட்டு, ஹம்சாவின் கையெழுத்தில்: ‘தனியாகப் பார்க்காதீர்கள். எல்லாரையும் கூப்பிட்டுப் பாருங்கள். கடைசிவரை பாருங்கள்.’

சுப்புராயன் சீட்டில் சுருக்கொப்பம் போட்டார். மகளின் விருப்பத்தை இவ்வளவு முழுமையாக அவர் நிறைவேற்றியது அதுதான் முதல் தடவை. அந்த ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு மணிக்கு அவர் வீட்டு ஹாலில் பதினாறு பேர் இருந்தோம். பூங்காக் குழு முழுதாக வந்திருந்தது. மேல்மாடியிலிருந்து ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியை சுப்புலக்ஷ்மி வந்திருந்தார். கேசரி, பஜ்ஜி, காப்பி. கேசட்டுக்கு ஒரு குங்குமப் பொட்டு வைத்து வீடியோ டெக்கில் செருகினார் சுப்புராயன்.

திரையில் மழை பெய்தது. கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டைகள் கீழிருந்து மேலே ஓடின. நடுநடுவே சாம்பல் நிறத்தில் ஏதோ கலங்கியது. ஒரு கணம் சுப்புராயன் முகத்திலேயே சந்தேகம் தெரிந்தது. அதற்குள் பூங்காக்காரர் ஒருவர், “ஸ்கேன்னா இப்படித்தான் ஓய் இருக்கும், பழகின கண்ணுக்குத்தான் தெரியும்” என்றார். போதாதா? சுப்புராயன் மூலையில் இருந்த குடையை எடுத்தார். அதன் நுனியால் திரையைத் தொட்டார்.

“இது தலை. இதோ முதுகெலும்பு, சரம் மாதிரி. கால் மேல கால் போட்டுண்டு இருக்கான் பாருங்கோ.”

“இருக்கானா?”

“பேரன்தான். சந்தேகமே இல்லை. நெத்தியைப் பாருங்கோ, எங்கப்பா நெத்தி.”

எல்லாரும் நெற்றியைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன், தலையும் ஆட்டினேன். எனக்குத் தெரிந்தது மழைதான். பதினைந்து பேர் பார்க்கும் ஒன்றைத் தான் மட்டும் பார்க்கவில்லை என்று சொல்ல ஒரு துணிவு வேண்டும். வாயில் கேசரி இருக்கும்போது அது வருவதில்லை. நிஜம் எது என்று ஆராயும் தத்துவப் புத்தகங்களாக வாங்கி என் வீட்டில் அடுக்கியிருந்தேன்; அவற்றில் ஒன்றுகூட அன்றைக்கு உதவிக்கு வரவில்லை.

பத்து நிமிஷம் கழித்து மழையின் தன்மை மாறியது. பட்டைகளுக்கு நடுவே ஒரு முகம் தோன்றி, கிழிந்து, மேலே ஓடி, மறுபடி தோன்றியது. கூடவே கிணற்றுக்குள்ளிருந்து யாரோ முனகுவது போல ஒரு கரகரத்த ஓசை.

“ஹார்ட் பீட்!” என்றார் சுப்புராயன். அது கொஞ்சம் அபசகுனமாகக் கேட்டதால் தொலைக்காட்சியின் சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டார். “முகத்தைப் பாருங்கோ! ஹம்சா ஜாடை அப்படியே!”

முகத்தின் வாய் திறந்து மூடியது. மறுபடி திறந்தது.

“கொட்டாவி விடறது!”

கைதட்டினார்கள். ஒரு பெண்மணி கண்ணைத் துடைத்துக்கொண்டார். திரையில் ஒரு கை மெல்ல உயர்ந்து இடது காதைப் பிடித்துக்கொண்டது. காப்பித் தட்டோடு சமையலறை வாசலில் நின்ற ஜானகி அப்படியே நின்றுவிட்டார்.

அவருக்குப் பின்னால் நின்றிருந்தவள் ரத்னா, அந்த வீட்டில் இருபது வருஷமாக வேலை செய்பவள். அவள்தான் வாயைத் திறந்தாள்.

“இன்னா சார், வயித்துக்குள்ள கீற கொயந்த கம்மல் போட்டுகினு கீது?”

ஹாலே சிரித்தது. சுப்புராயனும் பெரிய மனதோடு சிரித்தார். “உனக்கு என்ன தெரியும் ரத்னா, இது அமெரிக்கா ஸ்கேன்” என்றார்.

எல்லாரும் போன பிறகு, பாத்திரம் தேய்த்துக்கொண்டே ரத்னா சொன்னாளாம்:

“யம்மா, அது கொயந்த இல்ல. நம்ம அம்சா பாப்பா. சின்னதுலேந்து பாத்துகினு கீறேன், கண்ணுல தண்ணி வர்றதுக்கு முன்னாடி அது காதத்தான் புடிக்கும்.”

“நானும் பார்த்தேன்டி.”

“ஏதோ சொல்லுது. அல்லாரும் கை தட்டிகினு கீறாங்க. லஸ் கார்னராண்ட பாஷா பாய் கீறாரு, கல்யாண கேசட் எடுக்கறவரு. அவராண்ட குட்து பாரு.”

சுப்புராயன் கேசட்டைப் பூஜை அலமாரியில் வைத்திருந்தார். கோப்பில் துளையிட்டுச் சேர்க்க முடியாத முதல் தபால் அது. மறுநாள் காலை அவர் சபாவுக்குப் போனதும், ஜானகி அதை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு மெஹபூப் பாஷாவின் கடைக்கு நடந்தார். பாஷா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“குங்குமம்லாம் வச்சிருக்கீங்க. நல்லா இருக்கட்டும். ஆனா அம்மா, இது அமெரிக்கா சிஸ்டம். அங்க என்.டி.எஸ்.சி.ன்னு ஒண்ணு, நம்மளுது பி.ஏ.எல்.னு வேற. நம்ம டெக்ல போட்டா கோடு கோடா ஓடும், குரல் பேய் மாதிரி வரும். இதைப் போட்டா பாத்தீங்க?”

“போட்டுப் பதினாறு பேர் பார்த்தோம், பாய்.”

“என்னா தெரிஞ்சுது?”

“கொட்டாவி.”

துபாயிலிருந்து மைத்துனர் கொண்டுவந்த, எல்லா நாட்டுக் கேசட்டும் ஓடும் டெக் ஒன்று பாஷாவிடம் இருந்தது. அதில் போட்டார். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டு வாசலில் போய் நின்றுகொண்டார்.

முதலில் ஸ்கேன். அதிலும் சாம்பல்தான், ஆனால் அசையும் சாம்பல். ஒரு சின்ன உள்ளங்கால் கொஞ்ச நேரம் தெளிவாகத் தெரிந்தது. அது முடிந்ததும் ஹம்சா. வெளிர்நீல உடையில், கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து, நேராக ஜானகியைப் பார்த்துப் பேசினாள்.

“அம்மா, இது உனக்கு. அப்பாவும் மத்தவாளும் இருப்பா, இருக்கட்டும், எல்லாரும் கேக்கட்டும்னுதான் இப்படிப் பேசறேன். போன மாசம் ரெண்டு தரம் ரத்தம் பட்டுது. பிளசென்டா கீழ இறங்கி வழியை அடைச்சுண்டு இருக்காம். ஆபரேஷன் பண்ணித்தான் எடுக்கணும். ஜனவரி முதல் வாரம் நாள் வச்சிருக்கா. அதுக்குள்ள மறுபடியும் ரத்தம் பட்டா அன்னிக்கே எடுத்துடுவா. நான் எழுந்து நடக்கப்படாது. அச்யுத் காலம்பற ஏழு மணிக்குப் போனா ராத்திரி எட்டு மணிக்குத்தான் வரார். அப்பாகிட்ட போன்ல ரெண்டு தடவை சொன்னேன். அம்மாகிட்ட குடுங்கோன்னேன். நீ கோவிலுக்குப் போயிருக்கேன்னார். ரெண்டு தடவையும் கோவில்.” இங்கே கை காதுக்குப் போயிற்று. “ஜனவரி இருபது வேண்டாம்மா. நீ மட்டும் வா. எனக்குப் பயமா இருக்கு.”

முந்தின நாள் நாங்கள் கைதட்டிய இடம் அதுதான்.

ஜானகி முழுவதையும் இன்னொரு தடவை பார்த்தார். பிறகு பாஷாவைக் கூப்பிட்டு, நம்மூர் டெக்கில் ஓடும்படி ஒரு பிரதி கேட்டார். “சத்தம் நன்னா கேக்கணும், பாய்” என்றார். அன்று மாலை கபாலீஸ்வரர் கோவிலுக்கு என்று சொல்லிவிட்டுப் போனவர், நிஜமாகவே சன்னிதித் தெரு வரைக்கும் போய், அங்கிருந்த தொலைபேசிக் கடையின் கண்ணாடிக் கூண்டுக்குள் நுழைந்தார். நியூ ஜெர்சியில் அப்போது காலை.

“ஹம்சா, பார்த்தேன்டி.”

“அப்பா?”

“அவரும் பார்த்தார். கொட்டாவின்னார். நீ படுத்துக்கோ, நான் வரேன்.”

இவ்வளவுதான் பேசினார். ஜானகியைப் பெரிய வீராங்கனையாக எழுத எனக்கு விருப்பமில்லை. தன் பெயருக்கு வந்த கடிதத்தை முப்பது வருஷம் கேட்டு வாங்காதவர் அவர். ஆனால் அதன் பிறகு அவர் செய்ததில் ஒரு ஒழுங்கு இருந்தது, அதை ஒப்புக்கொள்ள வேண்டும். கணவரோடு தனியாகச் சண்டை போடவில்லை. தனியாகப் பேசினால் எது தேவையான பகுதி என்று மறுபடியும் அவர்தான் முடிவு செய்வார் என்பது ஜானகிக்குத் தெரிந்திருந்தது. மகள் ஏன் ‘எல்லாரையும் கூப்பிட்டு’ என்று எழுதினாள் என்பதும் இப்போது புரிந்தது.

“ஏன்னா, மேல் மாடி மாமி அன்னிக்குப் பின்னாடி உட்கார்ந்ததுல சரியாப் பார்க்கலையாம். கேசட்டை இன்னொரு தரம் போடலாமே.”

அவர் சொல்லி முடிப்பதற்குள் சுப்புராயன் குடையைத் தேட ஆரம்பித்துவிட்டார்.

புதன்கிழமை மாலை அதே பதினாறு பேர், புதிதாக நாலு பேர். கேசரி இல்லை. யாருக்கும் காரணம் தெரியாது. இந்த முறை கேசட்டைப் போட்டவர் ஜானகி. திரையில் மழை இல்லை. அறை ஒன்று, இயந்திரம் ஒன்று, அதன் கீழே ஆங்கில எழுத்தில் ஹம்சாவின் பெயர், தேதி. படம் துலக்கமாக இருந்ததில் சுப்புராயன் சற்றுத் தடுமாறினார். ஆனாலும் விடவில்லை.

“இது தலை” என்று குடையை நீட்டினார். அவர் காட்டியது தொடை என்பது எங்களுக்கே தெரிந்தது. “பேரன்…”

“இட்ஸ் எ கேர்ள்” என்றது திரைக்குள்ளிருந்து ஒரு பெண்ணின் குரல்.

குடை கொஞ்சம் கீழே இறங்கியது. பூங்காக்காரர்கள் கூரையைப் பார்த்தார்கள். அன்றைக்குப் பேரனின் நெற்றியைப் பார்த்த மற்றவர்கள் எல்லாரும் ஒரே சமயத்தில் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்கள், நானும்தான். அதற்குப் பிறகு வெளிர்நீல உடையில் ஹம்சா வந்தாள். “அம்மா, இது உனக்கு” என்றாள்.

‘அப்பாகிட்ட போன்ல ரெண்டு தடவை சொன்னேன்’ என்ற இடம் வந்தபோது சுப்புராயன் சத்தத்தைக் குறைக்க எழுந்தார்.

“உட்காருங்கோ” என்றார் சுப்புலக்ஷ்மி. முப்பது வருஷம் பள்ளிக்கூடம் நடத்திய குரல் அது. அவர் உட்கார்ந்தார்.

படம் முடிந்தது.

“சொன்னா நீ பயப்படுவேன்னுதான்…” என்றார் சுப்புராயன். “லேடி டாக்டர்கிட்டக்கூடக் கேட்டேன். பிளசென்டா தானா மேல ஏறிடும்னா.”

“எந்த லேடி டாக்டர்?” என்று கேட்டார் ஜானகி.

சுப்புராயன் பூங்காக்காரர்களைப் பார்த்தார். லேடி டாக்டர் நாலு பேரும் காலைச் செருப்பில் நுழைத்துக்கொண்டிருந்தார்கள்.

“என் பாஸ்போர்ட்டை எடுத்துக் குடுங்கோ” என்றார் ஜானகி.

“ஜானு, அஞ்சு நாள்ல மார்கழி…”

“இன்னா சார் நீ” என்று உள்ளேயிருந்து ரத்னாவின் குரல் வந்தது. “கொயந்த மார்கயி பாத்துகினா வருது? என் மருமவ நிலாவுக்கும் இதேதான், பெரியாஸ்பத்திரில ஸ்கேன் பண்ணி, கீய கீது, நட்மாடாதேன்னாங்க. மூணு மாசம் நான் படுக்க வச்சி சோறு போட்டேன். அந்தம்மாவ அனுப்பு, போவட்டும்.”

இருபது பேர் முன்னிலையில் பச்சைக் கோப்பு வெளியே வந்தது. உறையிலிருந்து ஒரு பாஸ்போர்ட் மட்டும் எடுக்கப்பட்டது.

மறுநாள் சுப்புலக்ஷ்மியோடு தி.நகரில் டிக்கெட் வாங்கிய இடத்துக்குப் போய், ஜானகி தேதியை மாற்றிக்கொண்டு வந்தார். இடம் கிடைத்தது மார்கழி நாலாம் தேதிக்கு. ஃப்ராங்க்ஃபர்ட்டில் எஸ்கலேட்டர் பக்கமே அவர் போகவில்லையாம். பக்கத்தில் படிக்கட்டு இருந்ததாம். இந்தச் சாதாரண உண்மையை ஒரு தணிக்கை அதிகாரி யோசித்திருக்கவில்லை.

சுப்புராயன் போகவில்லை. டோக்கன் இருந்தது. மனைவியைத் தானே முன்கூட்டி அனுப்பி வைத்ததாகச் சபாவில் சொல்லிக்கொண்டிருந்தார். கேட்டவர்கள் தலையாட்டினார்கள், அவர்களில் அன்றைக்கு ஹாலில் இருந்தவர்களும் உண்டு.

டிசம்பர் இருபத்தேழாம் தேதி மறுபடியும் ரத்தம் பட்டது. ஆம்புலன்ஸைக் கூப்பிட்டவர் ஜானகி. மருத்துவமனையில் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, காதைப் பிடித்துக்கொள்ள இன்னொரு கையை விட்டுக்கொடுத்து, அறுவை அறையின் கதவு வரைக்கும் போனவரும் அவர்தான். அங்கிருந்து தொலைபேசி வந்தபோது இங்கே விடிந்திருந்தது. அந்த உரையாடலைச் சுப்புராயனே பிறகு எங்களிடம் ஒரு புகாராகச் சொன்னார். அவர் வழக்கம்போல, “நான் சொல்றதைக் கேளு” என்று ஆரம்பித்தாராம்.

“பொண்ணு பொறந்திருக்கா” என்றாராம் ஜானகி. “ரெண்டேகால் கிலோ. ரெண்டு பேரும் நன்னா இருக்கா.”

“ரத்தம் நிறையப் போச்சா? டாக்டர் என்ன சொன்னா? குழந்தையைக் கண்ணாடிப் பெட்டியில வச்சிருக்காளா? அச்யுத்கிட்ட குடு. ஹம்சாகிட்டயாவது குடு.”

“தூங்கறா. மீதியெல்லாம் அப்புறமாச் சொல்றேன்” என்றாராம் ஜானகி. “இப்பச் சொன்னா நீங்க பயப்படுவேள்.”